பிரேக் பெடல் ஏன் பஞ்சு போல அமுங்குகிறது? ஹைட்ராலிக் பிரேக்கின் கதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் கார் ஜாக்கி மேல் நிற்கிறது. முன் சக்கரங்கள் இரண்டும் கழற்றப்பட்டு ஓரமாகக் கிடக்கின்றன. பழைய பிரேக் காலிப்பர்கள் துருப்பிடித்து இறுகிவிட்டதால் கார்க்காரர் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்து தானே மாட்டியிருக்கிறார். மெக்கானிக் கூலி மிச்சம், கையெல்லாம் கிரீஸ், மனதில் கொஞ்சம் பெருமை. போல்ட்டுகள் எல்லாம் முறுக்கியாயிற்று. பிரேக் ஆயில் ஊற்றியாயிற்று. ஏரும் எடுத்தாயிற்று. சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறார். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரை வரை போகிறது. மறுபடி மிதிக்கிறார். கொஞ்சம் மேலே நிற்கிறது, ஆனால் பஞ்சு மூட்டையை மிதிப்பது போல இருக்கிறது. மறுபடி ஏர் எடுக்கிறார். ஒரு பாட்டில் ஆயில் தீர்கிறது. இரண்டாவது பாட்டிலும் தீர்கிறது. பெடல் மாறவே இல்லை. மனைவியும் பிள்ளைகளும் மாலையில் இதே காரில்தான் ஏற வேண்டும்.

தானே கார் வேலை பார்க்கும் பலரும் ஒருமுறையாவது இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இது புதிய பிரச்சினை இல்லை. ஹைட்ராலிக் பிரேக்குக்கு என்ன வயதோ, அதே வயதுதான் இதற்கும். சொல்லப்போனால் பிரேக்கின் நூறாண்டு வரலாற்றில் பாதி, குழாய்க்குள் காற்று புகாமலும் ஆயில் வெளியே போகாமலும் பார்த்துக்கொள்ள நடந்த போராட்டம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மனிதர் செய்த தவறு என்ன என்பது கடைசியில் வரும். அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஒரு ஆள் நூறு ஆளுக்குச் சமம்

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 1662-இல் இறந்தார். திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதியிருந்த நூல் அடுத்த ஆண்டு, 1663-இல், வெளிவந்தது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும் என்பது அதில் உள்ள முக்கியக் கருத்து. ஒரு சிறிய பிஸ்டனும் அதைப் போல நூறு மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டனும் ஒரே தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தால், சிறிய பிஸ்டனைத் தள்ளும் ஒரு ஆள் பெரிய பிஸ்டனைத் தள்ளும் நூறு ஆட்களைத் தடுத்து நிறுத்தலாம் என்று அவர் காட்டினார்.

இதைச் செய்து பார்க்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. காரணம் எளிது: பிஸ்டனைச் சுற்றி ஒழுகியது! 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர்தான் ஒழுக்குக்கு வழி கண்டவர் என்று சொல்லப்படுகிறது. தோலைக் கிண்ணம் போல வளைத்து, அதன் வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்க்குமாறு பொருத்தினார்கள். அழுத்தம் கூடக்கூடத் தோலின் ஓரம் சிலிண்டர் சுவரோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இன்றும் ஒரு மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அதே கிண்ணம்தான் இருக்கும். தோலுக்குப் பதில் ரப்பர், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கிண்ணம் தோலிலிருந்து ரப்பருக்கு மாறிய கதை பின்னால் வருகிறது.

கம்பியும் கேபிளும்

கார் வந்த புதிதில் பிரேக் என்பது பெடலில் இருந்து சக்கரம் வரை செல்லும் இரும்புக் கம்பி, அல்லது கேபிள். பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டும். 1902-இல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை ஒரு நல்ல வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதே 1902-இல் இங்கிலாந்தில் பிரடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார், ஆனால் அது பலன் தர அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

முன் சக்கரத்துக்குப் பிரேக் வைப்பதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, முன் சக்கரம் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும். திரும்பும் சக்கரத்துக்குக் கம்பியைக் கொண்டுபோனால் வளைவில் பிரேக் தானாக இழுக்கும், அல்லது விடும். இரண்டு, நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு இழுவை போக வேண்டும். நான்கு கம்பிகளின் நீளமும் தேய்மானமும் ஒரே மாதிரி இருக்கவே இருக்காது. ஒரு பக்கம் சற்று முன்னதாகப் பிடித்தால் போதும், ஈரச் சாலையில் கார் சுழன்றுவிடும். ஆகவே கம்பி பிரேக் வைத்த கார்க்காரர் அடிக்கடி கீழே படுத்துத் திருகுகளை முறுக்கிச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முன் பிரேக் வந்தால் கார் குப்புறக் கவிழ்ந்துவிடும் என்ற பயமும் மக்களிடம் இருந்தது. அந்தப் பயத்தைத் தூண்டி விளம்பரம் செய்த கார் நிறுவனங்களும் உண்டு (தங்கள் காரில் முன் பிரேக் இல்லை என்பதுதான் காரணம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை). இன்னொரு பக்கம், 1920-களில் நான்கு சக்கர பிரேக் உள்ள கார்களின் பின்னால் சிவப்பு முக்கோண அடையாளம் மாட்டும் வழக்கம் வந்தது. "இந்தக் கார் சட்டென்று நின்றுவிடும், பின்னால் வருபவர் தள்ளி வாருங்கள்" என்று அதற்குப் பொருள்!

திரவத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. சக்கரம் திரும்பினால் வளையும் ஹோஸ் கூடவே திரும்பும். நான்கு சக்கரத்துக்கும் அழுத்தம் ஒன்றே. பாஸ்கல் சொன்னது அதுதானே.

விமானம் செய்தவரின் பிரேக்

ஹைட்ராலிக் பிரேக்கைக் காரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். பெயரைக் கேட்டதும் விமான நிறுவனம் நினைவுக்கு வருகிறதல்லவா? அதே குடும்பம்தான். மால்கமும் தம்பி ஆலனும் கலிபோர்னியாவில் தாங்களே கட்டிய மிதவை விமானத்தை 1913-இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் மேல் பறக்கவிட்டார்கள். 1915-இல் அந்த ஊரில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஆளுக்கு 10 டாலர் வாங்கிக்கொண்டு மக்களை ஏற்றிப் பறந்தார்கள். 1916-இல் சாண்டா பார்பராவில் விமான நிறுவனம் தொடங்கினார்கள்.

முதல் உலகப்போர் முடிந்ததும் விமானத்துக்குக் கிராக்கி இல்லை. இளவயதில் கார் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் மால்கம். பிரேக் பற்றிய யோசனை அவருக்கு முன்பே இருந்தது, அதற்குக் காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார். 1919-இல் விமானத்தை விட்டுவிட்டு டெட்ராய்ட் போய் பிரேக் நிறுவனம் தொடங்கினார். அவர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு குழப்பமானது. பார்ப்பவர்கள் "லாக்-ஹெட்" என்றும் "லஃப்ஹெட்" என்றும் வாய்க்கு வந்தபடி வாசிப்பார்கள். ஆகவே மால்கம் உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்தை மாற்றினார். 1926-இல் ஆலன் மறுபடி விமான நிறுவனம் தொடங்கியபோது அந்தப் புதிய எழுத்தையே எடுத்துக்கொண்டார். ஆக, உலகப் புகழ்பெற்ற விமானப் பெயரின் எழுத்துக்கூட்டு முதலில் பிரேக் டிரம்மின் மேல்தான் வந்தது எனலாம்.

முதல் பெரிய வெற்றி பந்தயத்தில் வந்தது. 1921 ஜூலையில் பிரான்சின் லே மான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸில் அமெரிக்காவின் டூசன்பர்க் கார்கள் நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்குடன் இறங்கின. ஓட்டுநர் ஜிம்மி மர்ஃபி பயிற்சியின்போது விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து காரில் ஏறி ஜெயித்தார். கற்கள் பெயர்ந்து கிடந்த அந்தச் சாலையில் மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக் பிடிக்க முடிந்தது அவருக்குப் பெரிய பலமாக இருந்தது. அதே காலத்தில் விற்பனைக்கு வந்த டூசன்பர்க் மாடல் ஏ, ஹைட்ராலிக் பிரேக்குடன் விற்கப்பட்ட முதல் கார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது பணக்காரர்கள் வாங்கும் கார். சில நூறு பேருக்கு மேல் அதன் பிரேக்கை மிதித்திருக்க மாட்டார்கள்.

ஒழுகிய தோல், ஒழுகாத ரப்பர்

சாதாரண மக்களிடம் இந்தப் பிரேக்கைக் கொண்டுபோனவர் வால்டர் கிரைஸ்லர். தன் பெயரில் முதல் காரை 1924 ஜனவரியில் நியூயார்க்கில் காட்டினார். விற்பனைக்கே வராத கார் என்பதால் கார் கண்காட்சியில் இடம் கிடைக்கவில்லை. அவரோ பக்கத்தில் கொமடோர் ஓட்டலின் முன்கூடத்தை வாடகைக்குப் பிடித்து அங்கே நிறுத்தினார். கண்காட்சிக்கு வந்த கூட்டம் பாதி அந்த ஓட்டலில் நின்றது. அந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் லாக்ஹீட் பிரேக். முதல் ஆண்டில் சுமார் 32,000 கார்கள் விற்றன.

ஆனால் கண்காட்சிக்கு முன் கிரைஸ்லரின் பொறியாளர்கள் செடர், ஸ்கெல்டன், பிரீர் மூவருக்கும் தூக்கம் இல்லை என்றே சொல்ல வேண்டும். லாக்ஹீட் கொடுத்த சிலிண்டர்களில் இருந்தது பதப்படுத்தாத தோலால் ஆன கிண்ணம். அது காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் ஒழுகும். ஒழுகும் சிலிண்டர் வெறும் ஆயிலை மட்டும் இழப்பதில்லை. பெடலை விடும்போது உள்ளே ஒரு சிறு உறிஞ்சல் ஏற்படும், அப்போது அதே வழியாகக் காற்று உள்ளே போகும். அடுத்த மிதியில் பெடல் பஞ்சு. பொறியாளர்கள் தோலைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் கிண்ணம் செய்தார்கள், பிரேக்கின் மற்ற பாகங்களிலும் பல மாற்றங்கள் செய்தார்கள். அந்த மேம்பாடுகளை லாக்ஹீட் நிறுவனமும் பயன்படுத்த கிரைஸ்லர் அனுமதித்தது. இன்று எந்தக் காரின் பிரேக்கைத் திறந்தாலும் உள்ளே ரப்பர் இருப்பதற்கு அந்த மூவரும் ஒரு முக்கியக் காரணம். மால்கம் 1932-இல் தன் நிறுவனத்தை பெண்டிக்ஸ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு போட்டால் பிரச்சினையின் அளவு புரியும். ஒரு சாதாரண காரின் மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 2 செ.மீ என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 3.14 சதுர செ.மீ. பிஸ்டன் முழுதாக 3 செ.மீ நகர்ந்தாலும் தள்ளக்கூடிய ஆயில் சுமார் 9.4 மில்லி. அதாவது இரண்டு டீஸ்பூன்கூட இல்லை! ஒரு டன் எடையுள்ள காரை நிறுத்துவது இந்த இரண்டு டீஸ்பூன்தான். பெடலின் நெம்புகோல் விகிதம் 5 என்றால் இதற்குக் கால் 15 செ.மீ நகரும்.

இப்போது குழாயில் எங்கோ 3 மில்லி காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய திராட்சைப் பழ அளவு. பிரேக் பிடிக்கும்போது அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 30 மடங்கானால் அந்தக் காற்று 0.1 மில்லியாகச் சுருங்கும். மீதி 2.9 மில்லி இடத்தை ஆயில்தான் நிரப்ப வேண்டும். அதற்கு மட்டும் பிஸ்டன் 0.9 செ.மீ நகர வேண்டும். காலுக்கு அது ஏறக்குறைய நாலரை செ.மீ. ஒரு திராட்சை அளவு காற்று பெடலின் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. பிரேக் ஆயில் 100 மடங்கு அழுத்தத்தில்கூடக் கிட்டத்தட்ட அரை சதவீதம்தான் சுருங்கும். பெடல் கல் போல இருப்பதற்கும் பஞ்சாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

ஃபோர்டின் பிடிவாதம்

ஹென்றி ஃபோர்டுக்கு இந்தக் குழாய், ஆயில் எதிலும் நம்பிக்கை இல்லை. பிளிமத் கார் 1928-இல் பிறந்ததே ஹைட்ராலிக் பிரேக்குடன்தான். செவ்ரோலே 1936-இல் மாறியது. ஃபோர்டு மட்டும் பெடலில் இருந்து சக்கரம் வரை எஃகு இருப்பதே பாதுகாப்பு என்று விளம்பரம் செய்துகொண்டு கம்பி பிரேக்கிலேயே நின்றது. 1939 மாடலில்தான் ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு இறங்கி வந்தது.

ஃபோர்டைப் பிடிவாதக்காரர் என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அன்றைய ஹைட்ராலிக் பிரேக்கில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்த் தொடர். ஒரு கல் அடித்து ஒரு ஹோஸ் அறுந்தால் நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். கம்பி பிரேக்கில் ஒரு கம்பி அறுந்தால் ஒரு சக்கரம்தான் போகும். பெடல் தரைக்குப் போகும் அந்த நொடியில் ஓட்டுநருக்கு மிஞ்சுவது கை பிரேக் மட்டும். இந்த ஓட்டை ஃபோர்டு மாறிய பிறகும் பல ஆண்டுகள் அப்படியே இருந்தது என்பதுதான் வேதனை.

தீர்வு ஒன்றும் கடினமானதல்ல. ஒரே மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன் வைத்து, இரண்டு சக்கரங்களுக்கு ஒன்று என்று குழாயைப் பிரித்துவிட்டால் போதும். 1962-இல் அமெரிக்காவில் கேடிலாக்கும் ராம்ப்ளரும் இதை வைத்தன. சுவீடனில் சாப் நிறுவனம் 1964 மாடலில் முன்-இடது, பின்-வலது என்று குறுக்காகப் பிரித்தது. மற்ற பல நிறுவனங்கள் செலவு கூடுகிறது என்று தள்ளிப்போட்டன. 1965-இல் ரால்ஃப் நாடரின் புத்தகம் கார் பாதுகாப்பைப் பெரிய அரசியல் பிரச்சினையாக்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரி 1 முதல் அங்கே புதிய கார்களில் இரட்டைத் தொடர் பிரேக் கட்டாயம். முதல் டூசன்பர்க்குக்கும் இந்த விதிக்கும் இடையே 47 ஆண்டுகள்.

விளக்கெண்ணெயில் இருந்து கிளைக்கால் வரை

ஆரம்ப காலத்துப் பிரேக் ஆயில் என்ன தெரியுமா? நம் பாட்டிமார் வயிறு சுத்தம் செய்யக் கொடுக்கும் அதே விளக்கெண்ணெய், ஆல்கஹாலில் கலந்தது! காரணம் ரப்பர். எஞ்சின் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி வீங்கிவிடும். விளக்கெண்ணெய் ரப்பரை ஒன்றும் செய்யாது. ஆனால் ஆல்கஹால் சீக்கிரம் கொதிக்கும். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் சக்கரத்துச் சூடு சிலிண்டருக்கு ஏறி ஆயில் ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். அதாவது கார் மேலே ஏறும்போது நன்றாக இருந்த பெடல் இறங்கும்போது பஞ்சாகிவிடும்.

ஆகவே பின்னாளில் கிளைக்கால் சார்ந்த திரவங்கள் வந்தன. இன்று கடையில் கிடைக்கும் டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி. ஆனால் இந்த ஆயிலுக்கு ஒரு குணம், காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் டாட் 3-க்கு விதி கேட்கும் கொதிநிலை 140 டிகிரிதான், டாட் 4-க்கு 155. ஈரத்தைக் குடிப்பது கெட்ட குணம் போலத் தோன்றும். ஆனால் குடிக்காவிட்டால் தண்ணீர் தனித்துளியாகப் போய்ப் பள்ளமான இடத்தில் தங்கி, 100 டிகிரியிலேயே ஆவியாகும், குளிர் நாட்டில் உறையவும் செய்யும். ஈரம் குடிக்காத சிலிக்கோன் ஆயிலும் (டாட் 5) உண்டு. அமெரிக்க ராணுவம் 1980-களில் அதற்கு மாறியது. அதன் குறை, ஊற்றும்போதே நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் பெடல் எப்போதும் சற்று மெத்தென்று இருக்கும். பழைய கார்க்காரர்கள் ஆசைப்பட்டு இதை ஊற்றிவிட்டு வாரக்கணக்கில் ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய திறந்த பாட்டிலில் மிச்சம் இருக்கும் ஆயிலை "எதற்கு வீணாக்க வேண்டும்" என்று ஊற்றுவதன் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. அன்று பெடல் நன்றாகவே இருக்கும். மலைப்பாதையில்தான் தெரியும்.

டிஸ்க் வந்த பிறகு

லான்செஸ்டரின் டிஸ்க் பிரேக்கை டன்லப் நிறுவனமும் ஜாகுவாரும் சேர்ந்து பந்தயக் காரில் வைத்தன. 1953-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை அந்த ஜாகுவார் ஜெயித்தது. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ் வந்தது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க், பெடலுக்குப் பதில் தரையில் காளான் போல ஒரு ரப்பர் பொத்தான். எஞ்சின் ஓட்டும் பம்ப்தான் அழுத்தம் கொடுக்கும், ஆகவே அந்தப் பொத்தான் நகரவே நகராது. புதிதாக ஓட்டியவர்கள் பழக்கத்தில் ஓங்கி மிதித்துவிட்டு முன்கண்ணாடி வரை போனார்கள்! இந்தியாவில் 1962-இல் டி.வி.எஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடி பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பெயர்ப் பலகை தெரிந்திருக்கும்.

டிரம் பிரேக்கில் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை அவ்வப்போது திருகிச் சரிசெய்ய வேண்டும். அந்த இடைவெளி கூடினால் காற்றே இல்லாவிட்டாலும் பெடல் ஆழமாகப் போகும். டிஸ்க்கில் அந்த வேலை இல்லை, பேட் தேயத் தேயப் பிஸ்டன் தானே முன்னால் வந்து நிற்கும். இதனால்தான் வீட்டில் பேட் மாற்றுவது சுலபமாயிற்று. 1966-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெய்ன்ஸ் தன் முதல் கார் பழுதுபார்ப்புக் கையேட்டை வெளியிட்டார். ஒரு காரை முழுதாகப் பிரித்துப் பூட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்துப் போடும் முறை அது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகள் பெருகினார்கள். பஞ்சுப் பெடல்களும் பெருகின.

பேட் மாற்றும்போது பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். மாட்டி முடித்ததும் பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். முதல் சில மிதிகள் அதை நிரப்புவதற்கே போய்விடும். இதை மறந்து நேராகக் காரை எடுத்து எதிர்ச் சுவரில் மோதியவர்கள் நிறைய. நகரும் முன் நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

அப்படியும் கெட்டியாகவில்லை என்றால் பெடலே விஷயத்தைச் சொல்லும். வேகமாக நாலு முறை மிதித்தால் மேலே ஏறுகிறது, ஆனால் மெத்தென்று இருக்கிறது என்றால் உள்ளே காற்று. மேலே ஏறிக் கெட்டியாக நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி தாழ்கிறது என்றால் பின் டிரம் ஷூவின் இடைவெளி அதிகம். காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. வெளியே ஈரம் தெரியவில்லையா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கிண்ணத்தைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது. இதில் ஒரு விசித்திரம், இந்தக் கடைசிப் பழுதை ஏர் எடுக்கும் வேலையே உண்டாக்கும். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முதல் பகுதியில்தான் நகரும், மீதிப் பகுதியில் பல வருடத் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரை வரை திரும்பத் திரும்ப மிதித்தால் ரப்பரின் ஓரம் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். சனிக்கிழமை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஞாயிறு மாலை செத்துப்போகும்! பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து அது தரை வரை போகாமல் தடுப்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம்.

1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ் பென்ஸ் காரில் வந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும் அருமையான கருவி, ஆனால் அதன் வால்வுப் பெட்டிக்குள் காற்று புகுந்தால் சாதாரண முறையில் வெளியே வராது. பல கார்களில் கணினிக் கருவியைச் செருகி வால்வுகளைத் திறக்கச் சொன்னால்தான் வரும். 2001-இல் பென்ஸ் இன்னொரு படி போய், காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மின்சாரக் கட்டுப்பாட்டை வைத்தது. அதில் பெடலின் கெட்டித்தன்மையே ஒரு ஸ்பிரிங் காட்டும் நடிப்பு. பழுது ஏற்பட்டால் மட்டும் பழைய ஆயில் குழாய் வேலை செய்யும், அப்போது பெடல் ஆழமாகப் போகும். 2004-இல் இந்த முறை உள்ள சுமார் 6,80,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. 2006-இல் அதன் ஈ-கிளாஸ் கார் பழைய ஹைட்ராலிக் முறைக்கே திரும்பியது.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை மனிதர்? அவர் காரில் ஒழுக்கு எங்கும் இல்லை. மாஸ்டர் சிலிண்டரும் நல்ல நிலையில்தான் இருந்தது. இடது காலிப்பரை வலது பக்கமும் வலது காலிப்பரை இடது பக்கமும் மாட்டியிருந்தார். இரண்டும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றாகத்தான் இருக்கும், போல்ட்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருப்பதற்குப் பதில் கீழே போய்விடும். காற்று மேலே ஏறும் பொருள், நிப்பிள் கீழே. இரண்டு பாட்டில் ஆயிலும் காற்றுக்கு அடியிலேயே ஓடி வெளியே போய்க்கொண்டிருந்தது, மேலே இருந்த குமிழி அசையவே இல்லை.

பக்கம் மாற்றி மாட்டினார். மகள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். "மிதிம்மா... அப்படியே பிடிச்சுக்கோ" என்றதும் நிப்பிளைத் திறந்தார். பிளாஸ்டிக் குழாயில் புஸ்ஸென்று நுரை வந்தது. மூடிய பிறகு "விடு" என்றார். ஆறேழு முறை. நுரை நின்று தெளிந்த ஆயில் வந்தது. மறுபக்கமும் அப்படியே. "அப்பா, இதுக்கு மேல போக மாட்டேங்குது" என்றாள் மகள். பெடல் பாதி வழியிலேயே கல் போல நின்றிருந்தது.